லாரிக்காரர் நிறுத்திவிட்டார், கிளிப்பை எங்கே மாட்டப்போகிறீர்கள்?

சென்னையிலிருந்து தெற்கே வருகிற நெடுஞ்சாலை திண்டிவனத்தில் வந்து கிளை பிரிகிறது. ஒரு கிளை விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கு, ஒன்று புதுச்சேரிக்கு, இன்னொன்று செஞ்சி, திருவண்ணாமலை தாண்டிக் கிருஷ்ணகிரிக்கு. இரவு இரண்டு மணிக்கும் லாரி ஓட்டம் ஓயாத ஊர் இது. இந்தச் சாலைகளின் ஓரத்தில் ஒரு காருக்கு பேட்டரி இறங்கிப்போய், செல்ஃப் அடித்தால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையைக் காட்டினால் கார்கள் வேகம் குறையாமல் போய்விடும். நிறுத்துகிறவர் பெரும்பாலும் லாரிக்காரர்தான். இறங்கி வந்து பார்த்துவிட்டு, "நம்ம வண்டில ரெண்டு பேட்டரி இருக்கு சார், கேபிள் இருந்தா போடுங்க" என்பார். அந்த மனசுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே நம்பி ஜம்ப் கேபிளின் கிளிப்பை மாட்டுவதுதான் அந்த இரவின் பெரிய ஆபத்து. இரண்டு பேட்டரி என்றால் இரண்டு மடங்கு உதவி என்று அர்த்தமில்லை. அந்த இரண்டையும் எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாமல் அதில் கை வைக்கக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் உதவ வந்தவர் அல்ல, காரை வைத்திருப்பவர். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதற்கான காரணங்கள்.

பள்ளிக்கூடத்தில் தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்று படித்திருப்போம். பரீட்சையோடு மறந்துபோன அந்தப் பாடம் லாரியின் பேட்டரிப் பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது. சேஸிஸின் பக்கவாட்டில் தகர மூடி போட்ட பெட்டி. திறந்தால் இரண்டு பேட்டரிகள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கும். டெர்மினல்களின் மேல் கிரீஸ் அப்பியிருக்கும், ஓரங்களில் வெளிர்பச்சைப் பொடி பூத்திருக்கும். இப்போது டார்ச்சை அடித்து ஒன்றே ஒன்றைத் தேடுங்கள்: இரண்டையும் இணைக்கிற கட்டையான துண்டுக் கேபிள். அது ஒரு பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து மற்றதன் மைனஸ்ஸுக்குப் போனால் தொடரிணைப்பு, 12-ம் 12-ம் சேர்ந்து 24 வோல்ட். பிளஸ்ஸிலிருந்து பிளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸ்ஸிலிருந்து மைனஸ்ஸுக்கு ஒன்று என இரண்டு துண்டுகள் இருந்தால் பக்க இணைப்பு. அங்கே வோல்ட் 12 தான், கொள்ளளவு மட்டும் இரட்டிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் 'ரெண்டு பேட்டரி வண்டி'தான். ஒன்று உங்கள் காரைக் கிளப்பும், மற்றது காரின் மின் அமைப்பையே எரித்துவிடும். கேபிள்கள் எல்லாம் அழுக்கேறிக் கருப்பாகவே தெரிந்தால் நிறத்தை நம்பாதீர்கள். டெர்மினல் தலையைப் பாருங்கள். லெட் ஆசிட் பேட்டரியில் பிளஸ் தலை கொஞ்சம் தடிமனாகவும் மைனஸ் தலை மெல்லியதாகவும் இருக்கும், பக்கத்தில் குறியும் பதித்திருக்கும்.

நம் ஊர் கனரக லாரிகளும் பேருந்துகளும் ஏறக்குறைய எல்லாமே 24 வோல்ட். விழுப்புரம் கோட்டத்து அரசுப் பேருந்தும் அப்படித்தான், விக்கிரவாண்டி பயணவழி உணவகங்களில் வந்து நிற்கிற ஆம்னி பஸ்ஸும் அப்படித்தான். காரணம் எளிது. பெரிய டீசல் இன்ஜினைச் சுற்றிவிட நாலைந்து கிலோவாட் சக்தி வேண்டும். அதே சக்தியை இரண்டு மடங்கு வோல்ட்டில் கொடுத்தால் பாதி ஆம்பியர் போதும், கேபிளும் மெலிதாக இருக்கலாம், சூடும் குறையும். 1912-ல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் முதன்முதலில் செல்ஃப் ஸ்டார்ட்டைக் கொண்டுவந்தபோதே இந்தக் கணக்கைப் போட்டிருந்தார். இன்ஜினைச் சுற்றும் நேரத்துக்கு மட்டும் பேட்டரிகளைத் தொடராக்கி 24 வோல்ட், சுற்றி முடித்ததும் 6 வோல்ட். கார்கள் பிறகு 12 வோல்ட்டில் நிலைத்துவிட்டன, கனரக வண்டிகள் 24-ல் நின்றுவிட்டன. ஒரே சாலையில் இரண்டு மின் உலகங்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. பேட்டரி ஒன்றைத் தனியாகப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் லாரியில் இருப்பதும் 12 வோல்ட் பேட்டரிதான்.

24-ஐ 12-ல் மாட்டினால் என்ன ஆகும் என்பதைத் தோராயக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். இறங்கிப்போன கார் பேட்டரி 11.5 வோல்ட்டில் இருக்கிறது. உதவுகிற கார் பேட்டரி 12.6. வித்தியாசம் 1.1 வோல்ட். இரண்டு பேட்டரிகளின் உள்தடை, கேபிள், கிளிப் எல்லாம் சேர்த்து 0.03 ஓம் என்று கொள்வோம். ஓம் விதிப்படி ஓடுவது சுமார் 37 ஆம்பியர். பேட்டரி அதைத் தாங்கும், அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். இப்போது அதே கேபிளை லாரியின் இரண்டு முனைகளிலும் மாட்டுங்கள். இன்ஜின் ஓடாமலே 25.2 வோல்ட், வித்தியாசம் 13.7. ஓடுவது 450 ஆம்பியருக்கு மேல். ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு. கிளிப் வைத்த இடத்தில் ஈயம் உருகும், கேபிளின் ரப்பர் மணக்கத் தொடங்கும், கார் பேட்டரிக்குள் அமிலம் கொதித்து ஹைட்ரஜன் வெளியேறும். அந்த நேரத்தில் காரின் டெர்மினலில் 16, 18 வோல்ட் நிற்கும். லாரி இன்ஜினை ஓடவிட்டிருந்தால் அங்கே 28 வோல்ட், நிலைமை இன்னும் மோசம். சாவியைத் திருப்புவதற்கு முன்பே, கிளிப் தொட்ட அந்த நொடியிலேயே இதெல்லாம் நடக்கத் தொடங்கிவிடுகிறது என்பதுதான் முக்கியம். 'ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம்' என்பதற்கு இங்கே இடமே இல்லை.

விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் மறுப்பு சொல்வார்கள். கார்களின் மின்னணுப் பாகங்களுக்கான ஐஎஸ்ஓ 16750 தரநிலையில், இப்படித் தவறாக ஜம்ப் கொடுப்பதை மனதில் வைத்தே 24 வோல்ட்டை ஒரு நிமிடம் கொடுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது, ஆகவே காரின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியூ தாங்கிவிடும் என்பார்கள். சோதனை இருப்பது உண்மை. ஆனால் அது தனித்தனிப் பாகங்களுக்கான சோதனை. கம்பெனியிலிருந்து வந்த பாகங்களுக்கு அது பொருந்தலாம். நீங்கள் வெளியில் வாங்கிப் பொருத்திய மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா, ஜிபிஎஸ் பெட்டி, எல்இடி பல்பு எதற்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. சோதனையில் கொடுப்பது 24 வோல்ட், ஓடுகிற லாரி கொடுப்பது 28. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தரநிலை பேட்டரி வெடிக்காது என்று எங்கேயும் சொல்லவில்லை. அது மின்னணுப் பெட்டியைக் காப்பாற்றப் போட்ட விதி. பேட்டரியின் மேல் குனிந்து நிற்பவர் முகத்தைக் காப்பாற்றப் போட்டதல்ல.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது, அதற்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். "இரண்டிலும் ஏன் மாட்ட வேண்டும்? ஒரு பேட்டரியில் மட்டும் மாட்டினால் 12 வோல்ட்தானே, ஹைவேயில் எலக்ட்ரீஷியன்கள் காலங்காலமாக அப்படித்தானே எடுக்கிறார்கள்?" ஆமாம், எடுக்கிறார்கள். சரியாகச் செய்தால் கார் ஸ்டார்ட்டும் ஆகும். ஆனால் 'சரியாக' என்பதற்குள் பல விஷயங்கள் இருக்கின்றன. இரண்டில் எந்த பேட்டரி என்பது முதல் விஷயம். எதன் மைனஸ் நேராக லாரியின் சேஸிஸுக்குப் போகிறதோ அதில்தான் (அதைக் கீழ் பேட்டரி என்போம்) எடுக்க வேண்டும். மற்றதில் எடுத்தால் என்ன? அதன் மைனஸ், லாரியின் உடம்பைவிட 12 வோல்ட் மேலே இருக்கிறது. கருப்புக் கிளிப்பைக் காரின் பாடியில் மாட்டியதும் உங்கள் கார் மொத்தமும் அந்த உயரத்துக்கு ஏறிவிடுகிறது. அப்போது இரண்டு வண்டிகளின் பம்பர்கள் லேசாக உரசினாலும், ஒரு ஸ்பேனர் நழுவி இரண்டையும் தொட்டாலும் லாரியின் கீழ் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும். பகலில், பொறுமையாக, கேபிளை விரலால் தொடர்ந்து பார்த்து இதை உறுதி செய்யலாம். மழை தூறுகிற இரவில், பக்கத்தில் வண்டிகள் சீறிக்கொண்டு போகும்போது, அழுக்கேறிய பெட்டிக்குள் இதைச் சரியாகப் பார்ப்பேன் என்று சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

லாரிக்காரருக்கு வருகிற நஷ்டம் இன்னொரு விஷயம். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தொடரில் இருக்கும் இரண்டு பேட்டரிகளையும் ஒரே மின்னோட்டம்தான் சார்ஜ் செய்கிறது. ஒன்றிலிருந்து மட்டும் எடுத்துவிட்டால் அது பசியோடும் மற்றது வயிறு நிறைந்தும் இருக்கும். பிறகு ஆல்டர்நேட்டர் இரண்டுக்கும் ஒரே அளவு பரிமாறும்போது நிறைந்தது கொதித்துத் தண்ணீரை இழக்கிறது, பசித்தது கடைசிவரை நிறைவதே இல்லை. ஒரு முறை பத்து நிமிடம் எடுத்ததால் லாரி பேட்டரி செத்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மிகைப்படுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் பாட்டுப் பெட்டிக்கும் சின்ன ஃபேனுக்கும் ஒரே பேட்டரியிலிருந்து லைன் இழுத்த லாரிகளில் ஜோடியில் ஒன்று மட்டும் சீக்கிரம் போவது இந்தக் காரணத்தால்தான். ஏற்கெனவே ஒரு பக்கம் தளர்ந்த ஜோடியிலிருந்து நாமும் எடுத்தால், நாம் கிளம்பிப் போன பிறகு லோடோடு நடுவழியில் நிற்கப்போவது அவர். ஜோடியாக இருக்கும் பேட்டரியில் ஒன்று போனால் இரண்டையும் மாற்றுவதுதான் முறை, அந்தச் செலவும் சின்னதல்ல. ஆகவே வேறு வழியே இல்லை என்றால், லாரி இன்ஜின் அணைந்திருக்க, கீழ் பேட்டரியில் மட்டும், தொழில் தெரிந்த கையால் செய்யலாம் என்பதுவரை ஒப்புக்கொள்கிறேன். இருட்டில், தெரியாத இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் நிஜமாகவே 12 வோல்ட்டில் இரண்டு பேட்டரி வைத்திருக்கிற வண்டிகள்? அவையும் உண்டு. சில பெரிய டீசல் எஸ்யூவிகளில் இரண்டு பேட்டரிகள் பக்க இணைப்பில் இருக்கின்றன. டூரிஸ்ட் வேன்களிலும் கேம்பர் வண்டிகளிலும் விளக்குக்கும் டிவிக்கும் இன்வெர்ட்டருக்கும் தனியாக ஒரு இரண்டாவது பேட்டரி வைத்து, நடுவில் ஒரு ரிலேயோ ஐசொலேட்டரோ போட்டிருப்பார்கள். இன்ஜின் ஓடும்போது அந்த ரிலே சேர்ந்து இரண்டும் சார்ஜ் ஆகும், நின்றதும் பிரிந்துவிடும். இங்கேதான் 'இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பலம்' என்ற ஆசை மறுபடி வருகிறது. அந்த ரிலே சார்ஜ் போவதற்காகப் போட்டது. செல்ஃப் அடிக்கும்போது பாய்கிற 150, 200 ஆம்பியருக்காகப் போட்டதல்ல. ஜம்ப் கிளிப்பை இரண்டாவது பேட்டரியில் மாட்டி, இன்ஜினையும் ஓடவிட்டால், முன்பக்க பேட்டரியின் மின்சாரமும் அந்தச் சின்ன ரிலே வழியாகவும் மெல்லிய வயர் வழியாகவும்தான் வர வேண்டும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் ஃபியூஸ் போகும். ஒட்டிக்கொண்டால் அன்றைக்குத் தெரியாது. அடுத்த நாள் இரவு முழுக்க உள்ளே விளக்கு எரிந்து, காலையில் இரண்டு பேட்டரியும் சேர்ந்து இறங்கியிருக்கும்போதுதான் தெரியும். அதனால் இரண்டாவதைத் துண்டிக்க சுவிட்ச் இருந்தால் துண்டித்துவிட்டு, இன்ஜினைக் கிளப்புகிற முதல் பேட்டரியில் மட்டும் கிளிப்பை மாட்டுவதே சரி. அந்த இரண்டாவது பேட்டரி நீண்ட நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கப் பழகியது, ஒரே மூச்சில் அள்ளிக் கொடுக்க அல்ல.

இந்த வகையில் நம் சாலைகளில் அதிகம் ஓடுவது வேறொரு வண்டி. 2018-ல் மாருதி, சியாஸிலும் எர்டிகாவிலும் கொண்டுவந்த ஸ்மார்ட் ஹைப்ரிட் அமைப்பில், வழக்கமான லெட் ஆசிட் பேட்டரியோடு ஒரு சிறிய லித்தியம் அயான் பேட்டரியும் உண்டு. வாடகைக்கு ஓடும் எர்டிகா ஓட்டுநர் "என் வண்டியிலும் ரெண்டு பேட்டரி" என்று சொன்னால் அது உண்மைதான். ஆனால் ஜம்ப் கொடுப்பதும் வாங்குவதும் பானெட்டுக்குள் இருக்கிற லெட் ஆசிட் பேட்டரியின் வழியாக மட்டுமே இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரிக்குத் தனிக் கட்டுப்பாட்டுச் சுற்று இருக்கிறது, அதில் வெளிக் கேபிளுக்கு வேலையில்லை. முழு மின்சாரக் கார்களின் கையேடுகள் பலவற்றில் மற்ற வண்டிக்கு ஜம்ப் கொடுக்கவே வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. அவற்றிலுள்ள சின்ன 12 வோல்ட் பேட்டரி இன்ஜின் சுற்றுவதற்கானதல்ல. கையேட்டில் ஜம்ப் ஸ்டார்ட் பக்கம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து மடித்து வையுங்கள்.

என் யோசனை என்னவென்றால், இந்த ஊர்ச் சாலைகளில் காருக்கு உதவ மிகப் பொருத்தமான வண்டி ஒற்றை பேட்டரி வண்டிதான். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கிற டிராக்டரைப் பாருங்கள். ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி, கார் பேட்டரியைவிடப் பெரியது, டீசல் இன்ஜினைக் கிளப்பப் பழகியது. மூடியைத் தூக்கினால் பிளஸ், மைனஸ் கண்ணுக்கு நேரே தெரியும். பொலிரோ பிக்கப், டாடா ஏஸ் போன்ற சின்ன சரக்கு வண்டிகளும் அப்படியே. பின்னால் வருகிற பதினாறு சக்கர லாரியை விட்டுவிட்டுக் கரும்பு டிராக்டரை நிறுத்துவது பார்க்க விசித்திரமாக இருக்கும். ஆனால் கணக்கு அதைத்தான் சொல்கிறது. லாரிக்காரரிடம் கேட்பதற்கும் உதவி இருக்கிறது: பின்னால் வண்டியை நிறுத்தி நான்கு விளக்கையும் போட்டுக் கொஞ்ச நேரம் காவலுக்கு நின்றால் அதுவே பெரிய பாதுகாப்பு. தேசிய நெடுஞ்சாலையில் நின்றிருந்தால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கவும் மறக்காதீர்கள்.

சரி, 12 வோல்ட் வண்டி ஒன்று கிடைத்துவிட்டது. வண்டிகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும், இரண்டு சாவியும் அணைந்திருக்கட்டும். சிவப்புக் கிளிப் முதலில் இறங்கிப்போன பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். பிறகு கருப்பு, நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில். கடைசிக் கிளிப்தான் எல்லோரும் தவறவிடுவது. அது இறங்கிப்போன பேட்டரியின் மைனஸ்ஸுக்குப் போகக் கூடாது. பேட்டரியிலிருந்து ஓர் அடியாவது தள்ளி, பெயிண்ட் இல்லாத இன்ஜின் உலோகத்திலோ எர்த் போல்ட்டிலோ மாட்ட வேண்டும். ஏனென்றால் சுற்று முழுமை பெறுவது அந்தக் கடைசித் தொடுதலில்தான், தீப்பொறி பறப்பதும் அங்கேதான். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும், அதற்கு மிகச் சின்னப் பொறியே போதும். இப்போதைய கார்களில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. மைனஸ் டெர்மினலின் மேல் ஒரு சின்னக் கருப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தால் அது பேட்டரி சென்சார். உள்ளே போகிற, வெளியே வருகிற மின்சாரத்தை அதுதான் எண்ணுகிறது. நேராக டெர்மினலில் மாட்டினால் அந்த எண்ணிக்கையைத் தாண்டி மின்சாரம் போய்விடும். பாடியில் மாட்டினால் எல்லாம் அதன் வழியாகவே போகும்.

"இருபது வருஷமா நேரா மைனஸ்லதான் மாட்டுறேன், ஒண்ணும் ஆனதில்லை" என்று சொல்பவர்களைக் குறைத்துப் பேச மாட்டேன். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பது உண்மை. காற்று வீசினால் ஹைட்ரஜன் கலைந்துவிடும். ஆனால் இறங்கிப்போன பேட்டரி, அதிலும் தண்ணீர் வற்றிய பேட்டரி, நாலைந்து முறை செல்ஃப் அடித்துப் பார்த்த பேட்டரி, பானெட் மூடியிருந்த பேட்டரி என்று எல்லாம் சேர்ந்து வரும் நாள் ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தைய நாட்களின் அனுபவம் அந்த நாளைப் பற்றி எதையும் சொல்லாது. உள்ளே இருப்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கந்தக அமிலம். கிளிப்பை ஓர் அடி தள்ளி மாட்டுவதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. போகக்கூடியது கண். அமிலம் தெறித்துவிட்டால் கையால் தேய்க்காமல் குடிதண்ணீரால் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேபிள் விஷயத்திலும் ஏமாறுகிறோம். பார்க்கத் தடிமனாக இருக்கும், உள்ளே கம்பி மெல்லியதாக இருக்கும், வெளியே ரப்பரை மட்டும் கட்டையாக ஊற்றியிருப்பார்கள். மூன்று மீட்டர் கேபிள், போக வர ஆறு மீட்டர் செம்பு. அதன் குறுக்களவு 4 சதுர மில்லிமீட்டர் என்றால் 150 ஆம்பியர் ஓடும்போது கேபிளிலேயே ஏறக்குறைய 4 வோல்ட் தொலைந்துவிடும், காருக்கு மிஞ்சுவது 8 சொச்சம். 16 சதுர மில்லிமீட்டர் என்றால் இழப்பு ஒரு வோல்ட்தான். மெல்லிய கேபிள்தான் கையில் இருக்கிறது என்றால் உடனே செல்ஃப் அடிக்காமல், உதவும் வண்டியைக் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு, இறங்கிப்போன பேட்டரியை முதலில் தேற்றிக்கொள்ளுங்கள். கார் கிளம்பியதும் ஹெட்லைட்டையோ புளோயரையோ போட்டுவிட்டு, மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியையே கழற்றிப் பார்க்கிற பழைய 'டைனமோ டெஸ்ட்' மட்டும் வேண்டாம். சார்ஜ் பாய்ந்துகொண்டிருக்கும்போது பேட்டரி விலகினால் அந்த ஒரு நொடியில் வோல்ட் பல மடங்கு எகிறும். தடுப்பு இல்லாத ஆல்டர்நேட்டரில் அது 80, 100 வோல்ட் வரை போகக்கூடியது.

தள்ளி ஸ்டார்ட் செய்தால் போதாதா என்றால், கியர் வண்டியில், ஆள் இருந்தால், சமதளத்தில், பகலில் அது நல்ல வழிதான். ஆட்டோமேட்டிக்கில் முடியாது. முழுவதும் செத்துப்போன பேட்டரி என்றால் ஃபியூவல் பம்புக்கும் ஈசியூவுக்கும் உயிர் இருக்காது, எத்தனை பேர் தள்ளினாலும் பயனில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் இரவில் காருக்குப் பின்னால் நின்று தள்ளுவதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. கையடக்க லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் உண்மையிலேயே நல்ல பொருள், இந்தப் பதிவின் பாதிச் சிக்கலை அது தீர்த்துவிடும். ஆனால் மே மாத வெயிலில் டேஷ்போர்டில் கிடந்தால் அதுவும் சீக்கிரம் கெடும், மாதம் ஒரு முறை சார்ஜ் பார்க்காவிட்டால் தேவைப்படும்போது வெறும் பெட்டி.

ஜம்ப் ஸ்டார்ட்டே செய்யக் கூடாத ஒரு நிலைமையும் இந்த விழுப்புரம் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. தென்பெண்ணை பெருகி அரசூரில் நெடுஞ்சாலையே துண்டானது. அப்படித் தண்ணீரில் நின்ற காரில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் அது பேட்டரி பிரச்சினை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், ஜம்ப் கொடுத்துச் சுற்றும்போது பிஸ்டன் அந்தத் தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். சும்மா நின்றிருந்தால் கழுவித் துடைத்துப் பிழைத்திருக்கும் இன்ஜின், நாம் கொடுத்த மின்சாரத்தால் போய்விடும். தண்ணீர் டயரின் பாதிக்கு மேல் ஏறியிருந்தால் பேட்டரியின் மைனஸ்ஸைக் கழற்றிவிட்டு, தூக்கிச் செல்லும் வண்டிக்குக் காத்திருப்பதே சரி.

கிளம்பிய காரைப் பற்றியும் ஒன்று. திண்டிவனத்தில் ஜம்ப் வாங்கி விழுப்புரம் வரை ஓட்டினால் சுமார் 40 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். அதற்குள் பேட்டரி நிறைந்துவிடும் என்று நினைக்கிறோம், நிறையாது. மறுபடி ஒரு முறை ஸ்டார்ட் செய்யும் அளவுக்கு ஏறலாம், முழுதாக ஏற பல மணி நேரம் ஆகும். ஆகவே விக்கிரவாண்டியில் டீக்கு இறங்கினாலும் இன்ஜினை அணைக்காமல் ஒருவர் வண்டியிலேயே இருங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட் பாருங்கள். நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது குளிரல்ல, வெயில். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. சித்திரையில் வாங்கிய அடி ஐப்பசி மழையில், மார்கழிக் காலையில்தான் வெளியே தெரியும்.

லாரி உரிமையாளர்களிடமும் பாடி கட்டும் பட்டறைகளிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பெட்ரோல் பங்கில் தப்பான எண்ணெய் ஊற்றிவிடக் கூடாது என்று டேங்க் மூடியில் 'டீசல்' என்று எழுதி வைக்கிறோம். பின்கதவில் ஹாரன் அடிக்கச் சொல்லி அழகாக எழுதுகிற அதே பெயிண்டர், அதே தூரிகையால், பேட்டரிப் பெட்டியின் தகர மூடியில் '24 வோல்ட்' என்று கை அகலத்துக்கு மஞ்சளில் எழுதித் தர ஐந்து நிமிடம் ஆகாது. இரவில் டார்ச் வெளிச்சம் முதலில் விழுவது அந்த மூடியில்தான்.